1806-இல் தொடங்கி 8490421583559688410706771261086 வரை: ஒரு 31 இலக்க எண்ணின் பண்புகள்

#1 சத்துவாச்சாரி_கணிதம்

வணக்கம். ஜூலை 10 வேலூர்ப் புரட்சி நாளுக்குப் பள்ளிக் கணித மன்றப் பலகையில் 1806 என்ற எண்ணையே தலைப்பாக வைக்கிறோம். 1806 = 2 × 3 × 7 × 43. இந்த நான்கு பகா எண்களின் தலைகீழிகளோடு 1/1806-ஐயும் கூட்டினால் சரியாக 1 வரும்:

1/2 + 1/3 + 1/7 + 1/43 + 1/1806 = 1

இதே பண்புள்ள எண்களில் இன்றைக்குத் தெரிந்த மிகப் பெரியது 31 இலக்கம் கொண்டது:

8490421583559688410706771261086

இதையும் பலகையில் எழுத ஆசை. ஆனால் சரிபார்க்காமல் எழுத மனமில்லை. 10ஆம் வகுப்புப் பிள்ளைகள் காகிதத்தில் சரிபார்க்கும்படி வழி உண்டா? 1806-க்கு உள்ள மற்ற பண்புகளும் இதற்குப் பொருந்துமா?

#2 பாலாற்றங்கரை

வழி உண்டு மேடம். 31 இலக்கத்தைப் பார்த்துத் தயங்க வேண்டாம், கணக்கு முழுக்கக் கழித்தலும் பெருக்கலும்தான்.

முதலில் காரணிகள். இந்த எண் எட்டுப் பகா எண்களின் பெருக்கல், எதுவும் இருமுறை வராது:

2 × 3 × 11 × 23 × 31 × 47059 × 2217342227 × 1729101023519

எட்டுத் தலைகீழிகளையும் பொதுப் பகுதி எடுத்துக் கூட்டப் போனால் பிள்ளைகள் பாதியிலேயே விட்டுவிடுவார்கள். கூட்டாதீர்கள். 1-இலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்து, மிச்சம் என்ன என்று மட்டும் பாருங்கள். மிச்சத்தின் தொகுதி, பகுதி இரண்டையும் ஒரு வரிசையில் வைத்துக்கொண்டால் விதி இதுதான்:

புதுத் தொகுதி = பழைய தொகுதி × பகா எண் − பழைய பகுதி
புதுப் பகுதி = பழைய பகுதி × பகா எண்

கடைசிப் பகா எண்ணுக்குப் பிறகு தொகுதி 1 ஆக நிற்க வேண்டும். நின்றால் மிச்சம் 1/ந (ந என்பது நம் எண்), அதைக் கூட்டினால் முழுசாக 1. இடையில் சுருக்க எதுவும் இராது, பகா எண்கள் எல்லாம் வெவ்வேறு என்பதால் தொகுதிக்கும் பகுதிக்கும் பொதுக் காரணி வராது.

1806-இல் ஓட்டிப் பாருங்கள். 2 கழித்ததும் மிச்சம் 1/2. அடுத்து 3: 1×3 − 2 = 1, பகுதி 6. அடுத்து 7: 7 − 6 = 1, பகுதி 42. அடுத்து 43: 43 − 42 = 1, பகுதி 1806. முடிந்தது.

பெரிய எண்:

2 → மிச்சம் 1/2
3 → 1×3 − 2 = 1, பகுதி 6
11 → 1×11 − 6 = 5, பகுதி 66
23 → 5×23 − 66 = 49, பகுதி 1518
31 → 49×31 − 1518 = 1, பகுதி 47058
47059 → 47059 − 47058 = 1, பகுதி 2214502422
2217342227 → 2217342227 − 2214502422 = 2839805, பகுதி 4910309732094373794
1729101023519 → 2839805 × 1729101023519 − 4910309732094373794 = ?

கடைசி வரியில் அந்தப் பெருக்கல் 4910309732094373795. கழித்தால் 1. அவ்வளவுதான் நிரூபணம். 19 இலக்க எண்கள் இரண்டு, ஒன்றுக்கொன்று 1 வித்தியாசத்தில் நிற்பதைப் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள், பார்த்ததும் புரியும்.

#3 ஆற்காடு_11

சார், கடைசி வரிய எக்செல்ல போட்டேன். 2839805*1729101023519-2214502422*2217342227 போட்டா 0ன்னு வருது, 1 வரல. 31 இலக்க எண்ண செல்லுல அடிச்சா 8.49042 அப்புறம் 30ஆம் அடுக்குன்னு மாறிடுது. எண்ணு தப்பா, எக்செல் தப்பா?

#4 காட்பாடி_ஜங்ஷன்

எண் சரிதான் தம்பி. எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டும் 15 முக்கிய இலக்கம் வரைதான் காக்கும். 31 இலக்கத்தைச் செல்லில் அடித்தால் முதல் 15 இலக்கம் (849042158355968) நிற்கும், மீதி 16 இடமும் சுழியம் ஆகிவிடும். பிறகு செல் வடிவத்தை மாற்றினாலும் போனது திரும்பாது. காட்சிக்கு மட்டும் வேண்டும் என்றால் செல்லை முதலில் உரை வகையாக மாற்றிவிட்டு அடிக்க வேண்டும். அப்போது கணக்குப் போட முடியாது.

0 வருவதற்கு இன்னும் துல்லியமான காரணம் உண்டு. உள்ளே இருப்பது 64 பிட் மிதவைப் புள்ளி எண் (முன்னால் உள்ள இலக்கங்களையும் அடுக்கையும் மட்டும் வைத்திருக்கும் வகை). 9007199254740992 (2-இன் 53ஆம் அடுக்கு) வரைதான் எல்லா முழு எண்களையும் பிசகாமல் வைத்திருக்கும். 4.9 × 10¹⁸ அளவில் அடுத்தடுத்துக் குறிக்கக்கூடிய எண்களுக்கு நடுவே 1024 இடைவெளி. நம் இரண்டு பெருக்கல்களும் ஒரே புள்ளிக்கு உருட்டப்படுகின்றன, அதனால் வித்தியாசம் 0. ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எண் வகையிலும் இதே 0-தான் வரும், பெரிய முழு எண்களுக்கான பிக்இன்ட் வகையை எடுத்தால் சரியாகும்.

சி மொழியில் 64 பிட் குறியுடைய முழு எண் 9223372036854775807 வரை தாங்கும். ஆக இந்தக் கடைசிப் படி அதில் அடங்கும், 1 என்றே வரும். ஆனால் முழு எண் அடங்காது, அதற்கு 103 பிட் வேண்டும்.

பைத்தானில் முழு எண்ணுக்கு எல்லை இல்லை என்பதால் நேராகப் போடலாம். ஒரே எச்சரிக்கை: வகுக்கும்போது ஒற்றைச் சாய்வுக்கோடு / போட்டால் விடை மிதவைப் புள்ளிக்கு மாறிவிடும், 16, 17 இலக்கத்துக்குப் பிறகு குப்பை. இரட்டைச் சாய்வுக்கோடு // போடுங்கள். "நிரல் ஓடியது, விடை வந்தது, ஆனால் பண்பு பொருந்தவில்லை" என்று வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு கோடுதான் காரணம்.

கையில் கால்குலேட்டர் மட்டும் இருந்தால் எண்களை வலமிருந்து நான்கு நான்கு இலக்கத் துண்டாக வெட்டிப் பெருக்குங்கள். நான்கு இலக்கம் × நான்கு இலக்கம் = அதிகபட்சம் எட்டு இலக்கம், 10 இலக்கத் திரையில் சில கூட்டல்களுக்கும் இடம் மிஞ்சும். ஐந்தைந்தாக வெட்டினால் பெருக்கலே 10 இலக்கம் தொடும், கூட்டும்போது திரை நிரம்பி அடுக்குக்குறி வந்துவிடும்.

#5 குடியாத்தம்_தறி

ஒரு சந்தேகம். 2, 2×3 = 6, 6×7 = 42, 42×43 = 1806 என்று போகிறதே. அப்படியானால் அடுத்தது 1806 × 1807 = 3263442 தானே? இடையில் 47058 எங்கிருந்து வந்தது?

#6 பாலாற்றங்கரை

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள், பலபேர் இங்கேதான் இடறுவார்கள்.

ஒரு எண் ந இந்தப் பண்போடு இருந்து, ந+1 பகா எண்ணாகவும் இருந்தால், ந × (ந+1) அடுத்த எண்ணாகும். ஏனென்றால் 1/ந = 1/(ந+1) + 1/(ந(ந+1)). 3, 7, 43 மூன்றும் பகா எண்கள் என்பதால் மூன்று படி ஏறினோம். 1807 = 13 × 139, பகு எண். படி அங்கே உடைந்தது.

1/2 + 1/3 + 1/7 + 1/43 + 1/1807 + 1/3263442 = 1 என்பது உண்மைதான், சில்வெஸ்டர் வரிசை (2, 3, 7, 43, 1807, 3263443, …) தருவது அதைத்தான். ஆனால் அதில் 1807 பகா எண் இல்லை, நம் நிபந்தனை பகா எண்களுக்கு மட்டும். 3263442-ஐ உடைத்தால் 13-உம் 139-உம் காரணிகளாக வரும், அவற்றின் தலைகீழிகளைப் போட்டால் கணக்கு நிற்காது.

47058 வருவது வேறு கிளையில். 2, 3 எடுத்த பிறகு 7-ஐ விட்டு 11 எடுங்கள், மிச்சம் 5/66. இன்னும் இரண்டே பகா எண்களில் முடிக்க வேண்டும் என்றால் அவற்றைத் தேட வேண்டியதில்லை, காரணிப்படுத்தினால் போதும். மிச்சம் அ/ஆ, கடைசி இரண்டு பகா எண்கள் ப, ம என்றால்:

(அ×ப − ஆ)(அ×ம − ஆ) = ஆ² + அ

இங்கே அ = 5, ஆ = 66. வலப்பக்கம் 4356 + 5 = 4361 = 7 × 7 × 89. இரண்டாகப் பிரிக்க மூன்று வழி: 1 × 4361, 7 × 623, 49 × 89. முதலாவதில் 5ப = 67, முழு எண் வராது. இரண்டாவதில் 5ப = 73, அதுவும் இல்லை. மூன்றாவதில் 5ப = 115, ப = 23. 5ம = 155, ம = 31. இரண்டும் பகா எண்கள். 2 × 3 × 11 × 23 × 31 = 47058.

47059 பகா எண், எனவே ஒரு படி ஏறி 47058 × 47059 = 2214502422. அதற்கு அடுத்த 2214502423 ஏழால் வகுபடும் (7 × 316357489), படி மறுபடி உடைகிறது.

#7 வாணியம்பாடி_வகுத்தி

மேலே சொன்ன அதே சூத்திரத்தில்தான் 31 இலக்க எண்ணும் பிறக்கிறது. 2214502422-க்குப் பிறகு மிச்சம் 1/2214502422, ஆக அ = 1. வலப்பக்கம்:

2214502422² + 1 = 4904020977043866085

இதை 2839805 × 1726886521097 என்று பிரிக்கலாம். இரண்டோடும் 2214502422-ஐக் கூட்டுங்கள்: 2217342227, 1729101023519. இரண்டுமே பகா எண்ணாக அமைந்தன. பிரிக்க இன்னும் பல வழி உண்டு (2839805 = 5 × 567961, மற்றதில் 53 ஒரு காரணி), ஆனால் கூட்டி வரும் இரண்டும் ஒருசேரப் பகா எண்ணாக இருக்க வேண்டும், கஷ்டம் அதில்தான்.

5, 53, 567961 மூன்றையும் 4-ஆல் வகுத்தால் மீதி 1 வருவதைக் கவனியுங்கள். ஒரு வர்க்கத்தோடு 1 கூட்டிய எண்ணின் ஒற்றைப்படைப் பகாக் காரணி எப்போதும் அப்படித்தான் இருக்கும். கையால் காரணி தேடும்போது 3, 7, 11, 19 போன்றவற்றை முயலவே வேண்டாம், வேலை ஏறக்குறைய பாதியாகும்.

தெரிந்த எட்டு எண்களும் இவை:

2
6
42
1806
47058
2214502422
52495396602
8490421583559688410706771261086

1 முதல் 8 வரை எத்தனை பகாக் காரணிகள் எடுத்தாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு எண்தான் என்று 2000-இல் பட்ஸ்க்கே, ஜேஜே, மேயர்னிக் மூவரும் கணினித் தேடலால் நிறுவினார்கள். ஆங்கிலத்தில் பிரைமரி சூடோபெர்ஃபெக்ட் எண்கள் என்பார்கள். ஏழாவது எண் 2 × 3 × 11 × 17 × 101 × 149 × 3109. பெரிய எண்ணின் கிளையிலிருந்து 17-இல் பிரிகிறது. பிள்ளைகளுக்குப் பயிற்சியாக இதைக் கொடுக்கலாம், மிச்சத்தின் தொகுதிகள் 1, 1, 5, 19, 797, 5431, 1 என்று வரும். 797 வரும்போது "எங்கேயோ தப்பு" என்று நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாமல் போகச் சொல்லுங்கள்.

#8 ஆரணி_பட்டு

மேடம் கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 1806-இன் பண்புகள் எல்லாம் பெரிய எண்ணுக்குப் பொருந்தாது. பலகையில் எழுதும்போது பிரித்து எழுதுவது மிக முக்கியம், ஏனென்றால் இணையத்தில் இரண்டும் ஒரே பட்டியலாகக் கலந்து கிடக்கின்றன.

பொருந்துவது முதலில். ந-இன் ஒவ்வொரு பகாக் காரணி ப-வுக்கும், ந/ப + 1 என்ற எண் ப-ஆல் வகுபடும். 1806-இல்: 42 + 1 = 43. 258 + 1 = 259 = 7 × 37. 602 + 1 = 603 = 3 × 201. 903 + 1 = 904, இரட்டை. பெரிய எண்ணில் 11-ஐ எடுத்தால், ந/11 = 771856507596335310064251932826. அதோடு 1 கூட்டினால் …827, அது 11-ஆல் வகுபடும்.

பொருந்தாதது பெர்னூலி எண்களோடு (கணிதத்தில் பெயர் பெற்ற ஒரு பின்ன வரிசை) உள்ள தொடர்பு. 1840-இல் வான் ஸ்டாட், கிளாசன் இருவரும் தனித்தனியே கண்ட தேற்றம்: ந இரட்டை எண்ணாக இருந்தால், ந-ஆவது பெர்னூலி எண்ணின் பகுதி, (ப − 1) என்பது ந-ஐ வகுக்கும் பகா எண்கள் ப எல்லாவற்றின் பெருக்கல். 1806-இன் வகுத்திகள் பதினாறு:

1, 2, 3, 6, 7, 14, 21, 42, 43, 86, 129, 258, 301, 602, 903, 1806

ஒவ்வொன்றோடும் 1 கூட்டுங்கள். பகா எண்ணாக வருபவை 2, 3, 7, 43 மட்டும். ஆக 1806-ஆவது பெர்னூலி எண்ணின் பகுதி 1806-தான். இப்படித் தன் வரிசை எண்ணே தன் பகுதியாக அமையும் எண் 1806 ஒன்றே ஒன்று.

ஏன் ஒன்றே ஒன்று என்பதற்கு நிரூபணமும் நாலு வரிதான். பகுதியில் 2, 3 எப்போதும் உண்டு, எனவே ந-இல் 6 இருக்கிறது. 6 இருந்தால் 7 வரும், எனவே ந-இல் 42. 42 இருந்தால் 43, எனவே 1806. இன்னொரு பகா எண் இருக்குமானால், அவற்றில் மிகச் சிறியதை எடுங்கள். அதிலிருந்து 1 கழித்தது ந-ஐ வகுக்க வேண்டும், அதன் காரணிகள் எல்லாம் அதைவிடச் சிறியவை, ஆகவே 1806-இன் வகுத்தியாகத்தான் இருக்க முடியும். மேலே பதினாறையும் பார்த்துவிட்டோம், புதிதாக எதுவும் இல்லை.

31 இலக்க எண் இங்கே முதல் அடியிலேயே விழுகிறது. அதன் காரணி 11, ஆனால் 10 அதை வகுக்காது (கடைசி இலக்கம் 6). எனவே அந்தப் பெர்னூலி எண்ணின் பகுதியில் 11 இராது. அதோடு 6 வகுப்பதால் 7 உள்ளே வரும், 46 வகுப்பதால் 47 வரும், இவை இரண்டும் நம் எண்ணில் இல்லாதவை.

இதே காரணத்தால் இன்னொன்றும் போகிறது. எந்த முழு எண்ணையும் ந+1 அடுக்குக்கு உயர்த்தி ந-ஆல் வகுத்தால் அதே எண் மீதியாக வரும் என்ற பண்பு 1, 2, 6, 42, 1806 என்ற ஐந்துக்கு மட்டுமே உண்டு. 47058-க்கும் இல்லை, அதற்குப் பிறகு வரும் மூன்றுக்கும் இல்லை.

#9 ஆற்காடு_11

அப்ப ந/ப + 1 வகுபடுதான்னு மட்டும் பார்த்தா போதுமா சார்? மிச்சம் எழுதுற முறைய விட இது சீக்கிரம் முடியுமே.

#10 ஆரணி_பட்டு

எல்லாக் காரணிக்கும் அது சரியாக இருந்தால், தலைகீழிகளின் கூட்டலோடு 1/ந-ஐச் சேர்த்தது ஒரு முழு எண் என்றுதான் கிடைக்கும். அது 1 என்று தனியாகச் சொல்ல வேண்டும். எட்டுக் காரணிக்குக் கவலையில்லை: பகா எண்களின் தலைகீழிகளை 2-இலிருந்து ஒன்று விடாமல் கூட்டினாலும் 2-ஐத் தாண்ட 59 பகா எண்கள் வேண்டும் (277 வரை). அதனால் 1-தான்.

கூட்டல் குறிக்குப் பதில் கழித்தல் போட்டு, ந/ப − 1 வகுபடுமா என்று பார்த்தால் அது ஜியுகா எண்கள் என்ற வேறு குடும்பம்: 30, 858, 1722. இதில் 1722 = 41 × 42 என்பதால் 1806-ஓடு சேர்த்து ஒரே பட்டியலில் போடுகிறவர்கள் உண்டு. கலக்காதீர்கள்.

#11 குடியாத்தம்_தறி

இதுவரை எல்லாம் சரி. ஆனால் 2217342227-உம் 1729101023519-உம் பகா எண்கள் என்பதை யார் சரிபார்த்தது? மிச்சம் 1 வந்தாலும், அவை பகு எண்ணாக இருந்தால் 1807 மாதிரி ஆகிவிடுமே.

#12 காட்பாடி_ஜங்ஷன்

மிகச் சரியான கேள்வி, மிச்சம் 1 என்பது பாதி நிரூபணம்தான்.

2217342227-இன் வர்க்கமூலம் 47088-ஐச் சற்றே தாண்டும். அதுவரை உள்ள பகா எண்கள் 4800-க்கு மேல். கையால் செய்ய ஒரு வகுப்பே பிரித்துக்கொண்டு உட்கார வேண்டும், கணினிக்குக் கண்ணிமைக்கும் நேரம். 1729101023519-க்கு வர்க்கமூலம் ஏறக்குறைய 1314953, அதுவரை பகா எண்கள் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். இதுவும் கணினியில் நொடிக்குள் முடியும், வெறும் வகுத்துப் பார்க்கும் முறையே போதும். வர்க்கமூலத்தைத் தாண்டி ஓட்டாதீர்கள், அங்கேதான் நேரம் வீணாகும்.

பகா எண்ணா என்று விரைவாகப் பார்க்கும் மில்லர்–ராபின் சோதனை போட விரும்பினால், சோதிக்க எடுக்கும் எண்களை (அடிகளை) தற்போக்காக எடுக்க வேண்டாம். 3215031751-க்குக் கீழே 2, 3, 5, 7 என்ற நான்கு அடிகளில் தேறினால் அது நிச்சயமாகப் பகா எண். 2152302898747-க்குக் கீழே 2, 3, 5, 7, 11 ஐந்தும் போதும். நம் இரண்டு எண்களும் முறையே இந்த எல்லைகளுக்குள் அடங்குகின்றன, ஆகவே விடை ஊகமாக இராது, உறுதியானது. இதைவிட எளிய ஃபெர்மா சோதனை மட்டும் செய்துவிட்டு நிறுத்தாதீர்கள். 341 = 11 × 31 அடி 2-இல் அதை ஏமாற்றும், 561 தனக்குப் பொதுக் காரணி இல்லாத எல்லா அடியிலும் ஏமாற்றும்.

முழு 31 இலக்க எண்ணையும் கொடுத்துக் காரணிப்படுத்தச் சொன்னால் எளிய நிரல் திணறலாம். 47059 வரை சட்டென்று வந்துவிடும், மிஞ்சுவது இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கல். அங்கே 2217342227 வரை ஒவ்வொன்றாக வகுத்துப் போக வேண்டும். பைத்தானில் அப்படி ஓடவிட்டால் பல நிமிடம் திரை அசையாது, தொங்கிவிட்டது என்று நினைத்து நிறுத்துவார்கள். காரணிகளை விரைவாகத் தேடும் பொல்லார்டின் ரோ முறை உள்ள பாரி ஜிபி போன்ற கணித மென்பொருளில் உடனே உடையும்.

#13 வாணியம்பாடி_வகுத்தி

பலகைக்கு ஒரு நல்ல வரிசை சொல்கிறேன். 6 முதல் உள்ள ஏழு எண்களையும் 288-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள்:

6, 42, 78, 114, 150, 186, 222

36 வித்தியாசத்தில் கூட்டுத் தொடர்வரிசை! பெரிய எண்ணைச் சரிபார்க்க முழுசாக வகுக்க வேண்டாம். 288 = 32 × 9. கடைசி ஐந்து இலக்கம் 61086-ஐ 32-ஆல் வகுத்தால் மீதி 30. இலக்கக் கூட்டல் 141, அதை 9-ஆல் வகுத்தால் மீதி 6. 222-க்கும் இதே 30, இதே 6.

#14 ஆரணி_பட்டு

அழகான வரிசைதான், எனக்கும் மிகப் பிடித்தது. ஆனால் இதில் நிரூபித்தது எது, கண்டது எது என்று பிரித்துச் சொல்வோம்.

நம் பண்புள்ள எண்களில் 2-உம் 3-உம் காரணியாக உள்ள எதற்கும் 36-ஆல் வகுத்த மீதி 6 என்பதை நிரூபிக்கலாம். 2 ஒருமுறைதான் வரும், எனவே 4-ஆல் வகுத்த மீதி 2. ந/3 + 1 மூன்றால் வகுபடும், எனவே ந-ஐ 9-ஆல் வகுத்த மீதி 6. இரண்டையும் சேர்த்தால் 36-க்கு மீதி 6.

288 என்பது 36 × 8. ஆகவே 288-க்கு வரக்கூடிய மீதிகள் எட்டே எட்டு: 6, 42, 78, … 258. ஏழு எண்களும் ஏழு வெவ்வேறு இடத்தில், அதுவும் காரணி எண்ணிக்கை ஏறும் வரிசையிலேயே உட்கார்ந்திருப்பதுதான் வியப்பு. அதற்கு நிரூபணம் இல்லை. ஒன்பது காரணியுள்ள எண் ஒன்று கிடைத்தால் அதன் மீதி 258 என்று பலகையில் எழுதிவிடாதீர்கள். அப்படி ஒரு எண் இதுவரை கிடைக்கவும் இல்லை.

#15 சத்துவாச்சாரி_கணிதம்

எல்லோருக்கும் மிக்க நன்றி. பலகையில் மிச்ச வரிசையும், 19 இலக்கக் கழித்தலும், 288 மீதியும் வைக்கிறோம். பெர்னூலி 1806-க்கு மட்டும் தனிக் கட்டத்தில். 31 இலக்கத்தைக் கையால் எழுதும்போது ஒரு இலக்கம் இடம் மாறினாலும் எல்லாம் போச்சு. எழுதியபின் சோதிக்க எளிய வழி சொல்லுங்கள். 1729 என்று தொடங்கும் காரணியைப் பிள்ளைகள் ராமானுஜனோடு இணைத்துக் கேட்பார்கள், அதற்கு என்ன சொல்வது?

#16 பாலாற்றங்கரை

எழுதும்போது லட்சம், கோடி என்று காற்புள்ளி போடாதீர்கள் மேடம், இந்த நீளத்துக்கு அது குழப்பும். வலமிருந்து ஐந்தைந்தாக இடைவெளி விடுங்கள்:

8 49042 15835 59688 41070 67712 61086

சோதனைக்கு 9-ஆல் பார்ப்பது மட்டும் போதாது, இரண்டு இலக்கம் இடம் மாறினால் இலக்கக் கூட்டல் மாறாது. 11-ஆல் பாருங்கள். வலமிருந்து 1, 3, 5, … ஆம் இடங்களின் கூட்டல் 76, 2, 4, 6, … ஆம் இடங்களின் கூட்டல் 65 வர வேண்டும். வித்தியாசம் 11. ஒரு இலக்கம் தவறினாலும், பக்கத்துப் பக்கத்து இரண்டு வெவ்வேறு இலக்கம் இடம் மாறினாலும் இந்த இரண்டு கூட்டலில் ஒன்றாவது காட்டிக்கொடுக்கும். முழு ஐந்திலக்கத் துண்டுகள் முன்பின்னாக மாறும்போதும் பெரும்பாலும் பிடிபடும், ஆனால் எப்போதும் என்று சொல்ல முடியாது. அதற்கு ஒருவர் படிக்க இன்னொருவர் பார்ப்பதுதான் வழி.

1729 = 12³ + 1³ = 10³ + 9³ என்பது அந்த நான்கு இலக்க எண்ணின் பண்பு. 13 இலக்க எண் அதே நான்கு இலக்கத்தில் தொடங்குவதால் அந்தப் பண்பு இதற்கு வராது. வேலூர்ப் புரட்சி நடந்த ஆண்டும் இந்த எண்ணும் ஒன்றாக அமைந்ததும் அதே மாதிரி தற்செயல்தான், பலகையில் அப்படியே எழுதுங்கள். தலைப்பில் ஆண்டைப் போடும்போது மட்டும் "1806ஆம் ஆண்டு" என்றும், கணக்குப் பகுதியில் "1806 என்ற எண்" என்றும் பிரித்து எழுதினால், வேலூர் மக்கானிலுள்ள புரட்சி நினைவுத்தூணைப் பார்த்துவிட்டு வருகிற சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கும் குழப்பம் இராது.